கலா ரிசப்ஷன் – நம்ம வீட்டு ஆளுங்க மட்டும்

ரவி அண்ணன் (மாலை 6:12): பழைய சிடி பிளேயர்ல மெமரி கார்டு இல்லன்னு கார்த்தி சொல்றான். நான் கிளம்பறப்ப இருந்துச்சு. தபால்தலை சைசு, நீலக் கலரு. யாரு எடுத்தது?

தீபா: நான் இல்ல

சித்தப்பா: நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு

ரவி அண்ணன்: சித்தப்பா ஒரு நிமிஷம். கார்டு யார்கிட்ட இருக்கு?

சின்ன அத்தை: என் பழைய கேமராவுக்கு ஒண்ணு போட்டேன். அதுவா?

ரவி அண்ணன்: எங்கேருந்து எடுத்தீங்க அத்தை

சின்ன அத்தை: அந்தப் பெட்டியில, பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. விழுந்துடப் போகுதேன்னுதான்

ரவி அண்ணன்: கேமராவுல போட்டதும் ஏதாச்சும் கேட்டுச்சா

சின்ன அத்தை: ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. ஓகே குடுத்தேன்

ரவி அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரவி அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தீபா: அத்தான் அழிக்கறதுக்குள்ள நான் படிச்சுட்டேன் 😂

பெரிய மாமா: பாட்டெல்லாம் போச்சா? நான் சொன்ன பாட்டு?

ரவி அண்ணன்: மாமா, பாட்டு டிஸ்க்ல இருக்கு. அது பத்திரம். கார்டுல ஒரு பாட்டுகூடக் கிடையாது. எந்தப் பாட்டை எந்த இடத்துலேருந்து எடுக்கணும், எங்கேருந்து எங்க வரைக்கும் லூப்பா சுத்தவிடணும், அந்த அடையாளம் மட்டும்தான். அந்தப் பழைய பிளேயர் சிடிஜே-1000, டிஜேங்க பாட்டு போடற சிடி பிளேயர், 2001ல வந்த மாடல். டிஸ்க்ல எதையும் எழுத அதால முடியாது, அதனால நாம வெச்ச பாயிண்டைக் கார்டுல எழுதி வெச்சுக்கும். அடுத்த தடவ அதே டிஸ்க்கை உள்ள விட்டா, கார்டைப் பாத்து எடுத்துக் குடுக்கும். CALL பட்டனை அமுக்க அமுக்க ஒண்ணொண்ணா வரும். கலா உள்ள வர்ற பாட்டு, மோதிரம் மாத்தற பாட்டு, எல்லாம் சேத்து 31 பாயிண்ட். ரெண்டு ராத்திரி உக்காந்து வெச்சது.

பெரிய மாமா: சுருக்கமா சொல்லு

தீபா: பாட்டு இருக்கு, ஆரம்பிக்கிற இடம் போச்சுப்பா

பெரிய மாமா: எல்லாப் பாட்டும் முதல்லேருந்துதானே ஆரம்பிக்கும்

தீபா: என் ரிசப்ஷன்ல அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. மேடை ஏறி நின்னு முக்கா நிமிஷம் வெறும் காத்துச் சத்தம்

சித்தப்பா: அது மைக் தப்பு

தீபா: யார் தப்புன்னு அப்புறம் பேசலாம் மாமா

கார்த்தி: என் போன்ல 64 ஜிபி கார்டு இருக்கு. அடாப்டர்ல போட்டுத் தரவா

ரவி அண்ணன்: டேய் வேணாம். பழைய பிளேயர் எம்எம்சிங்கற பழைய வகை கார்டு மட்டும்தான் எடுக்கும், அடாப்டர்ல போட்டா உன்னுது எஸ்டி கார்டு சைசு. எம்எம்சி கனம் 1.4 மில்லிமீட்டர், எஸ்டி 2.1. அமுக்கினா ஸ்லாட்தான் போகும். வலது பக்கம் இருக்கற இன்னொரு பிளேயர் எம்கே3, அதே சிடிஜே-1000ஓட பிந்தின 2006 மாடல். அது எஸ்டியும் எடுக்கும், ஆனா 64 ஜிபி எல்லாம் அதுக்குப் புரியாது. அந்தக் காலத்து எஸ்டி 2 ஜிபியோட சரி.

கார்த்தி: பெருசா இருந்தா நல்லதுதானே

நான்: பெருசா இருக்கறதுதான்டா பிரச்சனை

ரவி அண்ணன்: அத்தை, அந்தக் கார்டையே கார்த்திகிட்ட குடுத்துடுங்க. காலியா இருந்தாலும் பரவால்ல, அவன் பாயிண்டெல்லாம் மறுபடி வெச்சுக்குவான்.

சின்ன அத்தை: இப்ப அதுல கலா போட்டோ 12 இருக்கே

சின்ன அத்தை: என்கிட்ட இருக்கறதை மட்டும் உடனே கேப்பீங்க. என் ஏணி ரெண்டு வருஷமா உங்க மொட்டைமாடியில கிடக்கு

சித்தப்பா: அது உங்க ஏணியா? நான் எங்களுதுன்னு பெயின்ட் அடிச்சுட்டேன்

சின்ன அத்தை: என்ன கலரு

தீபா: ஏணிக்குத் தனி குரூப் ஆரம்பிங்க

நான்: ரவி அண்ணா, நீங்க ஒரு நோட்டுல நேரமெல்லாம் எழுதி வெச்சிருந்தீங்கல்ல? பிளேயர் பெட்டியில இருந்துச்சு. இதுதானே

நான்: 📷 புகைப்படம்

ரவி அண்ணன்: தெய்வமே. அதேதான். கார்த்தி, இதைப் பாத்து வை.

கார்த்தி: 4ஆவது ட்ராக் 1:47:68னு இருக்கு. கடைசி 68 என்ன?

ரவி அண்ணன்: ஃப்ரேம். சிடியில ஒரு செகண்டுக்கு 75. அதனால 74 வந்ததும் அடுத்த செகண்டு, 100 வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத. பாட்டை நிறுத்தி (pause) வெச்சுட்டு, ஜாக்னு சொல்ற அந்த வட்டத் தட்டை விரல் நுனியால நகத்து. ஹெட்போன்ல அந்தத் துண்டு மட்டும் டட்டட்டட்டுன்னு திரும்பத் திரும்பக் கேக்கும். தாளம் விழறதுக்கு ஒரு மயிரிழை முன்னாடி நிறுத்தி கியூ (CUE) பட்டனை அமுக்கு, அந்த இடம் குறிச்சுக்கும். மெமரி பட்டனை மறந்துடாத. அமுக்கலன்னா டிஸ்க்கை வெளிய எடுத்ததும் எல்லாம் போயிடும்.

கார்த்தி: 7ஆவதுல ஈரம் பட்டிருக்கு. 2:17ஆ 2:11ஆ

ரவி அண்ணன்: 17

ரவி அண்ணன்: இல்ல 11. காதுல கேட்டு வைடா

சித்தப்பா: வேன் எத்தனை மணிக்குன்னு யாருமே சொல்லல

கார்த்தி (7:40): அண்ணா, நோட்டுல 4ஆவது பாட்டு டிஸ்க்ல 5ஆவதா வருதே

ரவி அண்ணன்: எப்படி வரும்

கார்த்தி: நேத்து புது டிஸ்க் எழுதினேன். மாமா பாட்டை முதல்ல போட்டு

ரவி அண்ணன்: யாரைக் கேட்டு?

பெரிய மாமா: நான்தான் சொன்னேன். ஏன், சொல்லக்கூடாதா

ரவி அண்ணன்: சொல்லலாம் மாமா. ஆனா பிளேயருக்குப் பாட்டோட பேரு தெரியாது. மொத்தம் எத்தனை ட்ராக், எது எந்த நேரத்துல தொடங்குது, அந்தப் பட்டியலை வெச்சுத்தான் இது இந்த டிஸ்க்குன்னு கண்டுபிடிக்கும். முன்னாடி ஒரு பாட்டைச் சொருகினா எல்லா நேரமும் தள்ளிப்போயிடும், அதுக்கு இது முன்னபின்ன பாக்காத டிஸ்க். கார்டு பத்திரமா இருந்திருந்தாலும் ஒரு பாயிண்ட்கூட வந்திருக்காது.

சின்ன அத்தை: அப்ப நான் அழிச்சதால ஒண்ணும் ஆகல

ரவி அண்ணன்: ம்

சின்ன அத்தை: ம் இல்ல. வாக்கியமா எழுது. எல்லாரும் படிக்கட்டும்

தீபா: 😂😂

கார்த்தி: இப்ப என்ன பண்ண. ட்ராக் நம்பர்ல ஒண்ணு கூட்டிக்கிட்டா நோட்டு நேரம் சரியா வருமா

ரவி அண்ணன்: வரும். ஆனா நாளைக்கு அவசரத்துல நீ 4ஆ 5ஆன்னு குழம்புவ. பழைய டிஸ்க்லயே வெச்சுடு, நோட்டு அப்படியே பொருந்தும்.

பெரிய மாமா: அதுல என் பாட்டு இருக்காதே

நான்: மாமா பாட்டைத் தனி டிஸ்க்ல போட்டு எம்கே3ல விடலாமே

பெரிய மாமா: தனியாவா? ஓரமாவா?

ரவி அண்ணன்: அதை அப்புறம் பாக்கலாம். பழைய டிஸ்க் எங்கடா

கார்த்தி: சித்தப்பா கார்ல, டேஷ்போர்டுல

ரவி அண்ணன்: சித்தப்பா, கார் வீட்டுலதானே இருக்கு?

சித்தப்பா: கார் ரிப்பேருக்குப் போயிருக்கு. நாளை மறுநாள்தான் வரும். அதான் வேன் எத்தனை மணிக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்