டெர்ம் பாலிசி கம்பெனி மாற்றம்: மெடிக்கல் முடிந்த பிறகு பிரீமியத்தை ஏற்றிவிட்டார்கள், அவசரம்

பொருநைக்கரை:
வணக்கம். டெர்ம் பாலிசியை (நான் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் ஆயுள் காப்பீடு) வேறு கம்பெனிக்கு மாற்றுகிறேன். வீட்டுக்கே வந்து ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்துப் போனார்கள், ரிப்போர்ட்டும் போய்விட்டது. இன்று மெயில் வந்திருக்கிறது, முதலில் சொன்ன தொகை கிடையாதாம், அதோடு பாதி சேர்த்துக் கட்ட வேண்டுமாம், ஏழு நாளில் சம்மதம் சொல்லாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்களாம். பழைய கம்பெனியில் சேரும்போது எடுத்த டெஸ்ட் எல்லாம் சுத்தமாக இருந்தது. அந்த ரிப்போர்ட்டை இங்கே கொடுத்தால் ஏற்க மாட்டார்களா? இல்லை, வேறு லேபில் மறுபடி எடுக்கச் சொல்லலாமா? எனக்கு எந்த வியாதியும் இல்லை, மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சார்ஜா செந்தில்:
வயது என்ன சகோ? எது ஏறியிருக்கிறது, சர்க்கரையா கொழுப்பா? எண்களைப் போடுங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு வெள்ளைச் சோறுதான் காரணம்.

நிதிநோக்கு:
"மாற்றுகிறேன்" என்பதே தவறு. மருத்துவக் காப்பீட்டைத்தான் 2011 முதல் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போர்ட் செய்ய முடிகிறது. ஆயுள் காப்பீட்டில் அந்த வசதி கிடையாது. நீங்கள் செய்திருப்பது முழுக்கப் புதிய விண்ணப்பம், ஆகவே இன்றைய வயது, இன்றைய உடம்பு. பழைய ரிப்போர்ட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதை இங்கே எத்தனையோ இழைகளில் எழுதிவிட்டேன். விண்ணப்பம் போடும் முன் படித்திருந்தால் இந்த அவசரமே வந்திருக்காது.

ஈரோட்டு முகவர்:
சார், ஆன்லைனில் நேரடியாகப் போட்டீர்களா? அங்கே காட்டும் தொகை எந்தக் குறையும் இல்லாத ஆளுக்கானது. மெடிக்கல் முடிந்த பிறகுதான் உண்மையான தொகை வரும், அதற்குப் பெயர் கவுன்ட்டர் ஆஃபர். ஒரு முகவர் பக்கத்தில் இருந்திருந்தால் இதை முதலிலேயே சொல்லியிருப்பார். அது போகட்டும், பழைய பாலிசி எந்த வருடம் எடுத்தது, எவ்வளவுக்கு? இப்போது நடப்பில் இருக்கிறதா?

உறையூர்க்காரன்:
நான் லேபில் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி இன்சூரன்ஸ் விசிட்டுக்கும் போவேன். முந்தின நாள் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள்?

பொருநைக்கரை:
வயது 39. பழையது 2017-இல் எடுத்தது, 50 லட்சம், வருடம் 8,260 ரூபாய். புதியது 1 கோடி, 16,200 என்றார்கள், இப்போது 24,300. எச்பிஏ1சி 6.2, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, ரத்தக் கொழுப்பு ட்ரைகிளிசரைடு 262, கல்லீரல் டெஸ்ட் எஸ்ஜிபிடி 71. முந்தின நாள் மச்சான் வீட்டு விசேஷம், சாப்பிட்டுக் கை கழுவும்போது பதினொன்றரை. காலை ஏழு மணிக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சாப்பாட்டால்தான் எல்லாம் ஏறியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சார்ஜா செந்தில்:
அதேதான்! சோற்றைப் பத்து நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள், எல்லாம் இறங்கிவிடும்.

உறையூர்க்காரன்:
செந்தில் அண்ணா, பாதிதான் சரி. இவர் கையில் எடுத்த குழாய்களில் ஊதா மூடி போட்டது ஒன்று இருந்திருக்கும், எச்பிஏ1சிக்கு அதுதான் போகும். சாம்பல் மூடிக் குழாய் அன்றைய சர்க்கரைக்கு. சாம்பல் மூடியில் இருப்பது அன்று காலைச் சர்க்கரை, முந்தின ராத்திரி விருந்து அதைக் கொஞ்சம் அசைக்கலாம். ஊதா மூடியில் இருப்பது ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கு. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறோம், ஒரு ராத்திரி பிரியாணி அதை 6.2-க்குக் கொண்டுபோகாது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5 வந்தால் நோய். இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை இருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டுவதுண்டு, அதனால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள்.

ட்ரைகிளிசரைடு வேறு கதை. பத்து பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், உங்களுக்கு ஏழரை மணி நேரம்தான் இருந்திருக்கிறது. வந்தவர் அதைக் கேட்டுவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பியிருக்க வேண்டும், எங்கள் லேபில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அதைச் சுட்டிக்காட்டி மறுபரிசீலனை கேளுங்கள், சில கம்பெனிகள் நம் செலவில் மறுடெஸ்ட் எடுக்க விடுவார்கள். ரிப்போர்ட் நகலும் கேட்டு வாங்குங்கள். ஆனால் எஸ்ஜிபிடியும் ஏறியிருப்பதால் முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள் சார், அது பாலிசியைவிட முக்கியம்.

மதுரவல்லி:
தம்பி, ஈரோட்டுக்காரர் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. பழைய பாலிசியை இன்னமும் கட்டுகிறீர்களா?

பொருநைக்கரை:
இல்லை அக்கா. புதியது வந்துவிடும் என்று ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிட்டேன். டியூ தேதி தாண்டி 24 நாள் ஆகிறது.

மதுரவல்லி:
ஐயோ, இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா! மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இப்போதே அதைக் கட்டுங்கள். என் கொழுந்தனாரும் இப்படித்தான் செய்தார். பழையதை நிறுத்தினார், புதிய கம்பெனி டிரெட்மில் டெஸ்ட் வேண்டும் என்றது, வேலை இருக்கிறது அடுத்த வாரம் போகிறேன் என்று இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போட்டார். 41 வயது, ராத்திரி நெஞ்சு வலி என்றார், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தால் இரண்டு ஃபைல். ஒன்றில் காலாவதியான பாலிசி, இன்னொன்றில் டிரெட்மில்லுக்கு வரச் சொன்ன கடிதம். புதிய கம்பெனி அவர் கட்டிய முன்பணத்தை மட்டும் திருப்பித் தந்தது. என் ஓர்ப்படி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்று ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கட்டிவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள் தம்பி.

நிதிநோக்கு:
அம்மா சொல்வது சட்டப்படியும் சரி. பிரீமியத்தை வாங்கி வைத்துக்கொண்டதாலேயே காப்பீடு தொடங்கிவிடாது, விண்ணப்பத்தை ஏற்றதாகக் கம்பெனி தெரிவித்த பிறகுதான் தொடங்கும் என்று 1984-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. உங்களுடையது ஆண்டுத் தவணை என்பதால் டியூ தேதிக்குப் பிறகு கட்ட 30 நாள் கிரேஸ், அதாவது அவகாசம், இன்னும் 6 நாள் இருக்கிறது. மாதத் தவணையாக இருந்தால் 15 நாள்தான், எப்போதோ முடிந்திருக்கும். கிரேஸைத் தாண்டிப் புதுப்பிக்கப் போனால் அங்கேயும் உடல்நலச் சான்று கேட்பார்கள், இதே 6.2 அங்கேயும் வந்து நிற்கும்.

இன்னொன்று. 8,260 என்பது 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்ந்த தொகை. 22 செப்டம்பர் 2025 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு அந்த வரி கிடையாது, பழைய பாலிசியின் தவணைக்கும் அது பொருந்தும். ஆக நீங்கள் கட்ட வேண்டியது 7,000. புதியதை வரியில்லாமலும் பழையதை வரியோடும் வைத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

ஓஎம்ஆர் கார்த்தி:
எதற்கு இவ்வளவு பயம்? இந்த ஆஃபரை விட்டுவிட்டு மூன்றாவது கம்பெனியில் போடுங்கள், இவர்கள் கூட்டிக் கேட்டதை அங்கே சொல்ல வேண்டாம். இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவு, 2015 திருத்தம். மூன்று வருடம் முடிந்தால் எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது, மோசடி என்றுகூடச் சொல்ல முடியாது.

ஈரோட்டு முகவர்:
தம்பி, அந்த மூன்று வருடத்துக்குள் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? வேறு கம்பெனி உங்களை மறுத்ததா, தள்ளி வைத்ததா, கூடுதல் பிரீமியம் கேட்டதா என்று விண்ணப்பத்திலேயே கேள்வி இருக்கிறது. இல்லை என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் அது பொய் வாக்குமூலம். இப்படிச் சொல்லிக்கொடுக்கிற முகவர்களால்தான் எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர்.

ஓஎம்ஆர் கார்த்தி:
நான் முகவர் இல்லை. சட்டத்தில் உள்ளதைச் சொன்னேன்.

நிதிநோக்கு:
சட்டத்தில் பாதியைச் சொன்னீர்கள். முன்பே வேறு கம்பெனியில் பாலிசி எடுத்திருந்ததை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டவரின் வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பானது. அங்கே நோயை மறைக்கவில்லை, இன்னொரு பாலிசியைத்தான் மறைத்தார்.

ஓஎம்ஆர் கார்த்தி:
அது 2009 பாலிசி, பழைய சட்டம். இப்போதைய திருத்தத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிதிநோக்கு:
அவர் பாலிசி எடுத்த சில மாதங்களிலேயே இறந்தார். அன்றைய சட்டத்தில் அந்தக் காலம் இரண்டு வருடம், இன்று மூன்று. மூன்று வருடம் கட்டாயம் உயிரோடு இருப்பேன் என்று தெரிந்தவருக்கு டெர்ம் பாலிசியே வேண்டாம்.

உறையூர்க்காரன்:
கார்த்தி சார், இதை வேறு கோணத்தில் பாருங்கள். இவர் கையில் இருக்கும் 2017 பாலிசி மூன்று வருடத்தை எப்போதோ தாண்டிவிட்டது, நீங்கள் சொல்லும் அந்தப் பாதுகாப்பு அதில் ஏற்கெனவே இருக்கிறது. புதிய பாலிசிக்குப் போனால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து.

ஓஎம்ஆர் கார்த்தி:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 6.2-க்குப் பாதி லோடிங், அதாவது கூடுதல் பிரீமியம், என்பது அநியாயம்.

சார்ஜா செந்தில்:
எனக்கு 6.4 இருந்தபோது 25 சதவீதம்தான் போட்டார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சோற்றைக் குறைத்ததில் எனக்கு இறங்கியது உண்மை சகோ, ஆனால் நான்கு மாதம் ஆனது. பத்து நாள் என்று மேலே எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஈரோட்டு முகவர்:
பொருநைக்கரை சார், என் யோசனை இது. பழைய 50 லட்சத்தை 7,000-க்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். புதிய கம்பெனியிடம் 1 கோடிக்குப் பதில் 50 லட்சமாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், லோடிங்கோடு ஏறக்குறைய 12,000 வரும், தொகை குறையும்போது விகிதம் கொஞ்சம் கூடலாம். இரண்டும் சேர்த்து 19,000 சொச்சம், மொத்தம் அதே 1 கோடி. விண்ணப்பத்தில் பழைய பாலிசியின் எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் நீங்கள் சொன்ன பதில்கள் அப்படியே பதிவாகியிருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள், தவறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மெடிக்கல் செலவு, முத்திரைக் கட்டணம், அதுவரை காப்பு இருந்த நாட்களுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.

மதுரவல்லி:
தம்பி, கட்டினீர்களா இல்லையா? நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மதுரவல்லி:
இன்றோடு 26 நாள்.

பொருநைக்கரை:
மன்னிக்கவும் அக்கா, ஆபீசில் ஆடிட். நேற்று ராத்திரியே கட்டிவிட்டேன், 7,000-தான் கேட்டது, ரசீது மெயிலில் வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 14.6, ரத்தசோகை இல்லை. சனிக்கிழமை டாக்டரிடம் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மதுரவல்லி:
நல்லது தம்பி. அந்த ரசீதை உங்கள் வீட்டுக்காரிக்கும் அனுப்பிவையுங்கள்.

ஈரோட்டு முகவர்:
புதியதை என்ன செய்தீர்கள் சார்? 50 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார்களா?