சாட்டா/300 என்று காட்டிய புது எஸ்.எஸ்.டி.: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

திருவல்லிக்கேணி, டி.டி.பி. கடை

வணக்கம் நண்பர்களே. திருவல்லிக்கேணியில் சின்னதாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா மலர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்வோம். கண்ணீர் அஞ்சலிக்கு வருபவர்கள் போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டுக் கடை வாசலிலேயே நிற்பார்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அதற்காகத்தான் ரிச்சி தெருவுக்குப் போய் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிரைவ்) ஒன்று வாங்கினேன். தெரிந்த ஒருவர் வந்து மாட்டிக்கொடுத்தார்.

விண்டோஸ் சட்டென்று வந்தது, உண்மை. ஆனால் விழா மலர் மாதிரி பெரிய ஃபைலைத் திறந்தால், எதிர்பார்த்த வேகம் இல்லை. வேகம் அளக்கும் கிரிஸ்டல் டிஸ்க் மார்க் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் நொடிக்கு 270 எம்.பி. டப்பாவில் போட்டிருந்தது 550. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று மறுநாளே பில்லை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் டிரைவின் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவையும் ஒரு தரம் பார்த்தேன். அதில் டிரான்ஸ்ஃபர் மோட் என்று ஒரு வரி இருக்கிறது. என்னுடையதில் ‘சாட்டா/300 | சாட்டா/600’ என்று இருந்தது. சாட்டா என்பது டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் முறை. இடது பக்கம் இருப்பது இப்போது ஓடும் வேகம், வலது பக்கம் இருப்பது டிரைவால் முடிந்த வேகம். விஷயம் அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

கேபினட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். மதர்போர்டில் ஆறு சாட்டா சாக்கெட். நான்கு நீலம், இரண்டு வெள்ளை. வெள்ளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 6ஜி என்று அச்சிட்டிருந்தது. சாட்டா/600 என்பது அதுதான், சாட்டா/300 என்றால் 3ஜி. நம்மவர் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த நீல சாக்கெட்டிலேயே இதையும் செருகியிருக்கிறார். கேபிளைப் பிடுங்கி வெள்ளையில் மாட்டினேன். 530 வந்துவிட்டது. நிறம் போர்டுக்குப் போர்டு மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

இன்னொன்று. பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா மோட் ஐ.டி.இ. என்ற பழைய முறையில் கிடந்தது. புது முறையான ஏ.எச்.சி.ஐ. ஆக இருந்தால்தான் டிரைவ் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வரிசையில் வாங்கி வேலை செய்யும். ஐ.டி.இ.யில் ஒவ்வொன்றாகத்தான். அதையும் மாற்றினேன், அந்தக் கதை பெரிது.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். பாவம், டிரைவ் மேல் தப்பே இருக்காது.

வடபழனி, வீடியோ எடிட்டர்

அண்ணா, எனக்கு வேறு மாதிரி. கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். போன வருஷம் கத்திரி வெயிலில் ஒரு டெரா பைட் என்.வி.எம்.இ. டிரைவ் (சாட்டாவைவிட வேகமான எஸ்.எஸ்.டி. வகை) போட்டேன். டிரான்ஸ்ஃபர் மோட் எல்லாம் சரியாகவே காட்டியது. ஒரு முகூர்த்தத்தின் ஃபுட்டேஜ் 200 ஜி.பி.க்கு மேல் வரும். காப்பி போட்டால் முதல் கொஞ்ச நேரம் பறக்கும், அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி இழுக்கும்.

பாதிக் காரணம் டிரைவின் இயல்பு. ஒரு செல்லில் மூன்று, நான்கு பிட் வைக்கும் டி.எல்.சி., கியூ.எல்.சி. வகை டிரைவ்கள் வரும் தரவை முதலில் ஒரு பகுதியில் செல்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் மளமளவென்று எழுதிக்கொள்ளும். அந்த இடம் நிரம்பியதும் நிஜ வேகம் வெளியே வரும். டிரைவ் நிறைய நிறைய அந்த வேகமான இடமும் சுருங்கிவிடும். ஆகவே முடிந்த புராஜெக்ட்டுகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, இதில் கால்வாசியாவது காலியாக வைக்கிறேன்.

மீதிப் பாதி சூடு. காப்பி ஓடும்போது 82 டிகிரி காட்டியது. பெரும்பாலான டிரைவ்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லையே 70தான். அதைத் தாண்டிச் சூடேறினால் டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் ஒட்டும் மெத்தை மாதிரியான பேட் மேல், மெல்லிசாக நீல நிற பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் அப்படியே இருந்தது! நகத்தால் கீறினால்தான் கண்ணுக்கே தெரிந்தது. உரித்துவிட்டு மாட்டியதும் 64க்கு மேல் போகவில்லை. புதுசாக மாட்டுபவர்கள் தயவுசெய்து அந்தத் தாளைப் பாருங்கள்.

பெரம்பூர்

என்னுடையது எச்61 என்ற பழைய இன்டெல் சிப்செட் போர்டு. அதில் 6ஜி சாக்கெட்டே கிடையாது, எல்லாம் 3ஜிதான். அதற்காக எஸ்.எஸ்.டி. வாங்காமல் இருந்துவிடாதீர்கள். அன்றாட வேலையில் கம்ப்யூட்டர் படிப்பதெல்லாம் துண்டு துண்டான சின்ன ஃபைல்கள். அதில் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஒரு எம்.பி.யைத் தொடுவதே கஷ்டம், என் எஸ்.எஸ்.டி. 25 தருகிறது. கிரிஸ்டல் டிஸ்க் மார்க்கில் கடைசி வரியைப் பாருங்கள், நமக்கு முக்கியம் அதுதான்.

தாம்பரம், ஆடிட்டர் ஆபீஸ்

எங்கள் ஆபீஸில் ஒருவர் அக்கறையோடு வாராவாரம் எஸ்.எஸ்.டி.யை டீஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) செய்துகொண்டிருந்தார். ஹார்ட் டிஸ்க்கில் முள் அலையாமல் இருக்க அது தேவை. இதில் அலைய முள்ளே இல்லை, திரும்பத் திரும்ப எழுதி டிரைவின் ஆயுள்தான் வீணாகத் தேயும். எஸ்.எஸ்.டி.க்கு வேண்டியது டிரிம். நாம் அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்வது அதுதான். சொல்லாவிட்டால் குப்பையையும் சுமந்துகொண்டே இருக்கும். விண்டோஸ் 7 முதல் டிரிம் உண்டு. 10இல் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்று தேடித் திறந்து, மீடியா டைப்பில் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருக்கிறதா, வாராந்திர ஷெட்யூல் ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

திருவல்லிக்கேணி சார், ஐ.டி.இ.யிலிருந்து எப்படி மாற்றினீர்கள்? எனக்கு மாற்றியதும் நீலத் திரை வந்து நின்றுவிட்டது.

திருவல்லிக்கேணி, டி.டி.பி. கடை

சார், எனக்கும் முதலில் நீலத் திரைதான் வந்தது. பயப்படாமல் பயாஸில் பழையபடி ஐ.டி.இ. வையுங்கள், விண்டோஸ் வந்துவிடும். முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு எம்.எஸ்.கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட் பகுதிக்குப் போய் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் போடுங்கள். வரும்போதே பயாஸுக்குள் நுழைந்து ஏ.எச்.சி.ஐ. ஆக்கிவிடுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை முழுசாக ஏறியதும் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். என் விண்டோஸ் 10இல் இப்படித்தான் சரியானது. உங்களுடையது எந்த விண்டோஸ் என்று சொல்லுங்கள், 7 என்றால் வழி வேறு.