மேக்ரோஃபேஜ்: உண்ணியா, தின்னியா, விழுங்கியா?

டாக்டர் ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

புற்றுநோயாளிகளுக்கான கையேட்டைத் தமிழாக்கும்போது மேக்ரோஃபேஜ் என்ற சொல்லில் (கிருமிகளை விழுங்கி உடம்பைக் காக்கும் செல்) மாட்டிக்கொண்டேன், தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்து சேர்ந்த சொற்கள் மூன்று: பேருண்ணி, பெருந்தின்னி, பெருவிழுங்கி. உண்ணியை இப்போதே கழித்துவிடலாம். நாய் வளர்க்கிற யாரிடமாவது 'உங்கள் நுரையீரலில் பேருண்ணிகள் இருக்கின்றன' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். தின்னி என்றால் தின்னிப்பண்டாரம்தான் நினைவுக்கு வருகிறது. உடம்பைக் காக்கிற செல்லுக்கு வசவு எதற்கு?

விழுங்கி எனக்குப் பிடித்ததற்கு வேறு காரணமும் உண்டு. தின்றால் செரிக்க வேண்டும். இந்தச் செல் விழுங்கியதையெல்லாம் செரிப்பதில்லை. என் பாட்டியின் முன்கையில் சின்னதாக ஒரு கோலம் பச்சை குத்தியிருந்தது. எண்பது வயதிலும் ஓரம் கொஞ்சம் கசிந்ததே தவிர, கோலம் கலையவில்லை. அந்த மையை விழுங்கி வைத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் தோலில் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள். ஒன்று செத்தால் மை வெளியே சிந்தும், அடுத்து வருவது அதை எடுத்து விழுங்கிக்கொள்ளும். 2018இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். காசநோய்க் கிருமி இன்னும் மோசம், விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது.

மூலமான கிரேக்கச் சொல்லில் 'ஃபேஜ்' என்றால் தின்பது, அதில் 'தின்' இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. ஆனால் அதுவும் நம்மைப் போல உட்கார்ந்து பேசிப் போட்ட பெயர்தான். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப், கண்ணாடிபோலத் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. அவற்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது வியன்னாவில் விலங்கியல் பேராசிரியர் கிளவுஸ் கிரேக்கத்தில் ஆக்கிக் கொடுத்ததுதான் ஃபேகோசைட், தின்னும் செல். மேக்ரோஃபேஜ் அதன் வழியில் வந்தது. அவர்கள் குழுமத்தில் ஆள் குறைவு, சீக்கிரம் முடிந்துவிட்டது.

சரி, கையேட்டில் நிஜமாகவே இடிக்கும் இடம் 'எம்1', 'எம்2' என்று இந்தச் செல்லின் இரண்டு குணங்களுக்கு இருக்கும் பெயர்கள். முதல் குணம்: கிருமி வந்தால் பெருவிழுங்கி சீறுகிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களை (செல்களுக்குள் சேதி சொல்லும் புரதங்கள்) கக்குகிறது, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்து கிருமியைத் தாக்குகிறது. இரண்டாவது குணம்: சண்டை ஓய்ந்த பிறகு அதே ஆர்ஜினினை ஆர்னிதின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றுகிறது. புதுச் செல்கள் பெருகவும், புண்ணை இழைத்து மூடும் கொலாஜன் புரதம் சேரவும் அது தேவை. இந்த ஆர்ஜினின் கணக்கு எலியில் தெளிவாகத் தெரியும், மனிதரில் அவ்வளவு சுத்தமாக இல்லை. எப்படியும் அழற்சி அடங்குகிறது, புது ரத்தக்குழாய்கள் வருகின்றன, புண் ஆறுகிறது.

புற்றுக்கட்டி பிடித்துக்கொள்வது இந்த இரண்டாவது குணத்தைத்தான். சி.எஸ்.எஃப்-1 போன்ற புரதங்களைச் சுரந்து ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களை வரவழைக்கிறது. வந்தவை பெருவிழுங்கிகளாகி, ஏதோ ஆறாத புண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதுபோலக் கட்டிக்கு ரத்தக்குழாய் போட்டுக் கொடுக்கின்றன, அதைத் தாக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளையணுக்களையும் அடக்கி வைக்கின்றன. இது போதாதென்று பல கட்டிச் செல்கள் சி.டி.47 என்ற புரதத்தை மேலே நிறையப் போர்த்திக்கொள்கின்றன. ஆராய்ச்சியாளர்களே அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'என்னைத் தின்னாதே'. (இங்கே மட்டும் தின்னியை விட்டுக்கொடுக்கிறேன்.)

அதற்காகச் சீறுகிற பக்கம் நல்ல பிள்ளை என்றும் சொல்ல முடியாது. ஹெபடைட்டிஸ் பி வந்த ஈரலில் வருடக்கணக்கில் ஓயாத அழற்சியும் புற்றுக்கு வழி விடுகிறது. ஆகவே 'நல்ல விழுங்கி, கெட்ட விழுங்கி' என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை.

என் பரிந்துரை: சீறுநிலை, ஆறுநிலை. சினமும் ஆறும், புண்ணும் ஆறும். ஒரே வினை இரண்டையும் சொல்லிவிடுகிறது.

— மந்தைவெளியிலிருந்து

---

அம்மா, வணக்கம்.

சொல் அழகாக இருக்கிறது, அதுதான் பயமாகவும் இருக்கிறது. புற்றுநோய் வார்டில் 'நிலை' என்றால் ஒரே பொருள்தான்: முதல் நிலை, நாலாம் நிலை. நாலு என்றாலே கலங்கிப்போகிறவர் கையில் 'ஆறுநிலை' என்று அச்சடித்த தாளைக் கொடுப்பீர்களா? 'முகம்' என்று மாற்றலாமா என்று யோசித்தேன். சீறுமுகம் சரி, அடுத்தது ஆறுமுகம் ஆகிவிட்டது. முருகா!

இன்னொன்று. எம்1, எம்2 என்பவை 2000இல் மில்ஸ் குழுவினர் இரண்டு எலி வகைகளை ஒப்பிட்டு வைத்த பெயர்கள். மனிதக் கட்டியில் இரண்டு குணமும் ஒரே செல்லில் கலந்தே கிடக்கும். இரண்டு பெட்டி இருப்பதுபோல் காட்டும் சொல் வேண்டாம். விழுங்கிக்கு என் ஓட்டு உண்டு.

— சேத்துப்பட்டிலிருந்து

---

ஐயா, ஆறுமுகத்தைப் படித்துவிட்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

'நிலை'யை எடுத்துவிட்டேன். 'போக்கு' என்று போட்டால் மாறுவது, கலப்பது இரண்டும் உள்ளே வரும் என்று நினைத்தேன். ஆனால் கீமோ எடுப்பவருக்குப் போக்கு என்றால் வயிற்றுப்போக்குதான். அதனால் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று, 'சீறும் பெருவிழுங்கி', 'புண்ணாற்றும் பெருவிழுங்கி' என்று எழுதிவிட்டேன். 'ஒரே செல் இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும்' என்று ஒரு வரியும் கூடவே.

கட்டிக்குள் இருப்பதற்குக் 'கட்டிவாழ் பெருவிழுங்கி' என்று வைத்து, மாடிவீட்டு அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். 'கட்டி வாழுதா? அது வாழ்ந்தா நாம எப்படி வாழுறது?' என்று கேட்டார். இப்போதைக்குக் 'கட்டிக்குள் குடியேறிய பெருவிழுங்கி'. நீளம்தான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாருக்காவது குட்டையாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.