டிஜிற்றல் அடையாள அட்டைக்கு முதல் எங்கட எம்.பி.மாரிட்ட என்ன கேக்கிறது?

கொம்யூனிகேஷன் கடைக்காரன் (புதுக்குடியிருப்பு)

அரசாங்கக் கந்தோர்களுக்குக் காசை ஒன்லைனில கட்டுற கவ்பே (GovPay) 2025 பெப்ரவரி 7 இல தொடங்கிச்சு. அடுத்தது இந்திய உதவியோட வாற டிஜிற்றல் அடையாள அட்டை. இதுகளுக்குரிய சட்டங்களுக்குப் பாராளுமன்றத்தில வாக்குப் போடப்போற ஆக்களில எங்கட வன்னித் தேர்தல் மாவட்டத்து ஆறு பேரும் இருக்கினம். ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து அவையளுக்கு ஒரு கடிதம் குடுக்கலாம் எண்டு கதைச்சிருக்கிறம். என்ன எழுதுறது எண்டு எல்லாரும் சொல்லுங்கோ.

என்ர பக்கம் இதுதான். எந்தச் சேவை ஒன்லைனுக்குப் போனாலும் கந்தோரில கவுண்டரும் காகிதமும் இருக்கவேணும், அதைச் சட்டத்திலயே எழுதவேணும். சுற்றறிக்கையில எழுதினாக் காணாது. சுற்றறிக்கை ஆள் மாற மாறும்.

முத்தையன்கட்டான்

அண்ணை, நான் இதுக்கு எதிர். காரணத்தைச் சொல்லுறன்.

2009 மே மாசம், சண்டை முடியிற நேரம், வட்டுவாகலால வெளியில வரேக்க எனக்குப் பதினொரு வயசு. அம்மா காணிப் போமிற் (காணி அனுமதிப்பத்திரம்), பிறப்புப் பத்திரங்கள், அவவின்ர கலியாண எழுத்து எல்லாத்தையும் பொலித்தீனில சுத்தி இடுப்பில கட்டியிருந்தவ. தண்ணிக்குள்ளால நடந்து வந்ததில பொலித்தீனுக்குள்ள தண்ணி போட்டுது. முகாமில கூடாரத்துக்கு வெளியில தாள் தாளாப் பிரிச்சு, ஒவ்வொண்டுக்கும் மேல ஒரு கல்லு வைச்சுக் காயப் போட்டவ. போமிற்றில அப்பாவின்ர பேரின்ர முதல் எழுத்தும் ஒரு முத்திரையின்ர அரைவாசியும்தான் மிச்சம். அந்த ஒரு போமிற்றைத் திரும்ப எடுக்கப் பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்குமா நாங்கள் நடந்த நடை எத்தினை வருசம் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பதிவு கணினியில, வேற மாவட்டத்தில ஒரு பிரதியோட இருந்திருந்தா ஒரு நாள் வேலை.

காகிதத்தை நம்பிக் கெட்ட சனம் நாங்கள். நாங்களே காகிதம் வேணும் எண்டு கேக்கிறதோ? ரெண்டு பாதை வைச்சா, அதிகாரி தனக்குப் பழகின பாதைக்குத்தான் சனத்தைத் தள்ளுவார். இத்தினையாம் ஆண்டோட காகிதம் முடிஞ்சுது எண்டு சட்டத்தில திகதி போடவேணும். அப்பதான் திணைக்களங்கள் அசையும்.

கொம்யூனிகேஷன் கடைக்காரன்

தம்பி, வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியேல்லை. எங்கட வீட்டிலயும் அதே கதைதான்.

ஆனா நீர் ஒரு நாள் என்ர கடையில வந்து இரும். போன கிழமை ஒரு அம்மா வந்தவ, எழுபது தாண்டின ஆள். ஒரு சேவைக்கு ஒன்லைனில பதியவேணும். பதிவில இருக்கிற போன் நம்பர் மகன்ர. மகன் கட்டாரில. போனுக்கு வாற ஒருதர இலக்கம், ஓ.ரீ.பி., அவனுக்குப் போகுது. வட்ஸ்அப்பில அடிச்சா அவன் வேலையில. எடுத்து இலக்கத்தைச் சொல்லேக்க நேரம் முடிஞ்சுது. மூண்டு தரம் இப்பிடி. நாலாந்தரம் கணக்கைப் பூட்டிப்போட்டுது. அம்மா என்னைப் பாத்து, "நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ தம்பி?" எண்டு கேட்டவ. அவ ஒண்டையும் அமத்தேல்லை. முழுக்க நான்தான் அமத்தினது.

பேர் இன்னொரு சிக்கல். பிறப்புப் பத்திரத்தில தமிழில பேர், ஐ.சி.யில (அடையாள அட்டையில) ஒரு இங்கிலிஸ் எழுத்துக்கூட்டல், பாங்குப் புத்தகத்தில வேறொண்டு. கணினிக்கு இது மூண்டு ஆள். விதானையார் ஒரே ஆள்தான் எண்டு கடிதம் குடுத்தா கந்தோரில ஏற்பினம். ஒன்லைன் படிவத்தில அந்தக் கடிதத்தை வைக்க ஒரு இடமும் இல்லை.

சட்டம் படிக்கிறவள் (வவுனியா)

இரண்டு பேரும் காகிதத்தில் நிற்கிறீர்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது சட்டங்கள் வரும் வரிசை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. கணினி மட்டும் எடுத்த ஒரு முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமைகூட அதில் உண்டு. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கியமான பகுதிகளைப் பிற்போட்டுவிட்டார்கள். இணையப் பாதுகாப்புச் சட்டமோ அத்தனை எதிர்ப்புக்கும் நடுவில் 2024 ஜனவரி 24 அன்று 108 க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. மக்களைக் காக்கும் சட்டம் காத்திருக்கிறது, மக்கள் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஓடிவருகிறது. அடையாள அட்டையிலும் இதே நடக்கக்கூடாது.

இன்னொன்று. இந்தியாவில் ஆதார் என்ற அடையாள இலக்கத்தைத் தனியார் நிறுவனங்கள் கேட்கலாம் என்றிருந்த ஆதார் சட்டத்தின் 57 ஆம் பிரிவை 2018 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. சட்டம் வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு. எங்களுக்கு அந்த வழி இல்லை. அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரைப்படி, பாராளுமன்றத்தில் நிறைவேறி, சபாநாயகரின் சான்றுரை வழங்கப்பட்ட சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதுதான் உயர் நீதிமன்றம் போகலாம். ஒரு டிஜிற்றல் சட்டத்தின் பிழையோ நடைமுறைக்கு வந்த பிறகுதான் தெரியும், ஓ.ரீ.பி. கட்டாருக்குப் போன மாதிரி. ஆகவே மூன்று வருடத்துக்கு ஒருமுறை சட்டம் பாராளுமன்றத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதக் கேட்கவேண்டும். என் பார்வையில் கடிதத்தின் முதல் பந்தி இதுதான்.

முத்தையன்கட்டான்

மூண்டு வருச மீளாய்வுக்கு நான் ஓம். ஆனா அக்கா, "முதல்ல பாதுகாப்பு, பேந்து சேவை" எண்டு சொன்னா சேவை வாறதே இல்லை. 2022 இல பெற்றோல் தட்டுப்பாடு வரேக்க பங்கீட்டுக்கு கியூஆர் கொண்டு வந்தவை. ஆராவது மூண்டு வருசம் யோசிச்சவையோ? ரெண்டு கிழமையில சனம் பழகிட்டுது. ட்ராக்டர்காரர், மீன்காரர், ஐயர் எல்லாரும் பழகினவை. எங்கட சனத்துக்கு ஏலாது எண்டு நாங்களே சொல்லக்கூடாது.

கொம்யூனிகேஷன் கடைக்காரன்

கியூஆரைப் பற்றிக் கதைச்சது நல்லதாப் போச்சு. அந்த மாசங்களில லமினேற் மெசினுக்குப் பக்கத்திலதான் என்ர சீவியம். ஒரு ஆளிட்ட போன் இருந்தாக் காணும், பத்து வீட்டுக்குப் பதிஞ்சு குடுப்பம். கியூஆரைத் தாளில அடிச்சு, வெட்டி, சூடு காட்டி, மூலையில ஓட்டை போட்டுத் திறப்புக் கோர்வையில மாட்டிக் குடுத்தனான். பெற்றோல் செட்டில நிக்கிற பெடியன் அந்த அட்டையை ஸ்கேன் பண்ணினவன். ஸ்மார்ட் போன் இல்லாத ஆளுக்கும் பெற்றோல் கிடைச்சது. சனம் பழகினது உண்மைதான் தம்பி. அந்த அட்டையைத் தாளிலயும் ஏற்றதாலதான் பழக ஏலுமா இருந்தது. டிஜிற்றல் அட்டையும் அப்பிடி வரட்டும் எண்டுதான் கேக்கிறன்.

மல்லாவி ரீச்சர்

பிள்ளையள், நான் இடையில ஒண்டு சொல்ல வேணும். எனக்கு ஓ.ரீ.பி. பிரச்சினை இல்லை, பேரப்பிள்ளை பாத்துத் தருவான். எனக்குப் பயம் "பதிவு" எண்ட சொல்லில.

சண்டை முடிஞ்சு எங்களை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில எத்தினை தரம் பதிஞ்சவை எண்டு உங்களுக்கு நினைவிருக்கோ? பேர், பிள்ளையள், எந்த ஊர், எந்தப் பாதையால வந்தது. வெளியில வந்த பிறகும் வீட்டுக்கு வந்து பதிஞ்சவை. அந்தக் கொப்பியள் இப்ப எங்க, ஆற்ற கையில எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப முகம், கைரேகை, வீடு, காணி, பாங்கு எல்லாத்துக்கும் ஒரே இலக்கம் எண்டினம். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. என்ர பதிவை ஆர் திறந்து பாத்தவை எண்டு எனக்குத் தெரியவேணும். அதுக்குச் சட்டம் இருக்கோ?

சட்டம் படிக்கிறவள்

ரீச்சர், எஸ்தோனியாவில் இதற்கு வழி இருக்கிறது. அரசிடம் உள்ள தன் தரவை எந்த நிறுவனம் எப்போது பார்த்தது என்று குடிமகனே இணையத்தில் பார்க்கலாம். இங்கே அதை அடையாள அட்டைச் சட்டத்திலேயே உரிமையாக எழுதவேண்டும், பாதுகாப்புத் தரப்பு பார்த்தாலும் பதிவாகவேண்டும் என்று சேர்த்து. விதிவிலக்குகள் எழுதப்படும் பந்தியைத்தான் எங்கள் எம்.பி.மார் வரி வரியாக வாசிக்கவேண்டும்.

முத்தையன்கட்டான்

ரீச்சர் சொன்னதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை. நான் தாள் துலைஞ்சதை மட்டும்தான் யோசிச்சனான், கொப்பி ஆற்ற கையில எண்டு யோசிக்கேல்லை. அதைக் கட்டாயம் எழுதுங்கோ.

இரணைமடு (கிளிநொச்சி)

நாங்கள் தேர்தலுக்கு யாழ்ப்பாணத்தோட. அந்த எம்.பி.மாருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கோ. படிவமும் எஸ்.எம்.எஸ்.ஸும் தமிழில வரவேணும் எண்டதையும் போடுங்கோ. வடக்குக் கிழக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பின்ர 22 ஆம் உறுப்புரை சொல்லுது. போனுக்குச் சிங்களத்தில வாற செய்தியை நாங்கள் கடைக்காரரிட்டக் காட்டித்தான் விளங்கிறம்.

முத்தையன்கட்டான்

கடைசியா ஒண்டு. கவுண்டர் இருக்கட்டும். ஆனா கவுண்டரில வாங்கிற ஒவ்வொரு தாளையும் அண்டைக்கே ஸ்கேன் பண்ணி ஏத்திப்போட்டு, ஏத்தினதுக்குத் துண்டு குடுக்கவேணும் எண்டு எழுதுங்கோ. அம்மா இன்னொருக்காத் தாளுக்குக் கல்லு வைக்கக்கூடாது. கவுண்டருக்கும் பத்து வருசம் எண்டு ஒரு முடிவுத் திகதி வேணும்.

கொம்யூனிகேஷன் கடைக்காரன்

ஸ்கேனும் துண்டும் நல்ல யோசனை, அப்பிடியே போடுறன். முடிவுத் திகதி போட எனக்கு மனம் இல்லைத் தம்பி.

முத்தையன்கட்டான்

அப்ப அந்தப் பந்திக்கு என்ர கையெழுத்து இல்லை அண்ணை. மற்றதுக்கெல்லாம் வைக்கிறன்.

கொம்யூனிகேஷன் கடைக்காரன்

சரி, அந்தப் பந்தியை மட்டும் வேற தாளில அடிக்கிறன். ஞாயிற்றுக்கிழமைக்கிடையில ஆரார் எதுக்குக் கையெழுத்து எண்டு சொல்லிப்போடுங்கோ. ரீச்சர், உங்கட பந்தியை நீங்களே உங்கட சொல்லில எழுதித் தாங்கோ.