ஈறில் சீழ் இருந்தும் ஆன்டிபயாடிக் வேண்டாமா?

மாறன்_திருச்சி: கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஈறு வீங்கியிருக்கிறது, அழுத்தினால் சீழ். பல் டாக்டர் ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் பண்ணினால் போதும், மாத்திரை வேண்டாம் என்கிறார். சீழ் என்றாலே கிருமிதானே, அதற்கு ஆன்டிபயாடிக் தராமல் எதற்குத் தருவார்களாம்? போன வருடம் மெடிக்கலில் அமாக்சிசிலின் வாங்கிப் போட்டேன், இரண்டு நாளில் வடிந்துவிட்டது.

கோமதி: வடிந்தது சரி, அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டதே! வேரில் கறுப்பாகக் காரை ஒட்டியிருக்கும், அதன்மேல் பாக்டீரியா கூட்டமாகப் பசை சுரந்து அதற்குள்ளேயே குடியிருக்கும். இதைத்தான் பயோஃபிலிம் என்கிறார்கள். மாத்திரை அதற்குள் சரியாக இறங்காது. கியூரெட் என்ற கருவியால் சுரண்டி எடுத்தால்தான் உண்டு. காய்ச்சல் இருந்தாலோ, முகம் வீங்கினாலோ கதை வேறு.

ரஃபீக்_பல்டாக்டர்: கோமதி மேடம், ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். சுரண்டலோடு சேர்த்து அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் இரண்டையும் கொடுக்கும் முறையை நெதர்லாந்தில் வான் விங்கெல்ஹாஃப் குழு 1989-லேயே எழுதியது. சுரண்டல் மட்டும் செய்வதைவிட ஆழமான பாக்கெட், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளம், கூடுதலாகக் குறைகிறது என்று பிறகு வந்த ஆய்வுகளும் காட்டின. முப்பது வயதுகூட ஆகாதவருக்கு வாய் முழுக்க 6 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று அந்தப் பள்ளத்தை அளக்கும் புரோப் கம்பி இறங்கினால் நான் கொடுப்பேன்.

கோமதி: அந்த மாதிரி ஆளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் ஐரோப்பிய ஈறுநோய் சம்மேளனத்தின் 2020 வழிகாட்டியும் சொல்கிறது, அதுவும் யோசித்து. வழக்கமாக எல்லோருக்கும் வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது. ஒரு பல்லில் வீக்கம் என்று வருகிறவருக்கு எதற்கு? வயிற்றுப்போக்கு, மருந்துக்கு அடங்காத கிருமி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோலால் ரத்தக்கசிவு அபாயம், இதெல்லாம் யார் தலையில் விடியும்?

ரஃபீக்_பல்டாக்டர்: ஒரு பல்லுக்கு நானும் கொடுக்க மாட்டேன், சீழை வடித்துச் சுத்தம் செய்தால் போதும். ஆனால் ஊரில் பலர் முதல் சிட்டிங்கோடு காணாமல் போகிறார்கள், வழிகாட்டி எழுதுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கோமதி: திரும்பி வராதவர் மாத்திரையையும் பாதியில்தான் நிறுத்துவார், டாக்டர். அவருக்குக் கொடுப்பதுதான் இன்னும் மோசம்.

மாறன்_திருச்சி: நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள். சுரண்டும்போது வலிக்குமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ரஃபீக்_பல்டாக்டர்: மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். அப்புறம் சில நாள் கூச்சம் இருக்கும், அவ்வளவுதான்.