'ஆஸ்... ஆஸ்', 'தேன்', 'நோ ஸூனர்': பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லி விளக்குவது எப்படி?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' என்ற ஒப்பீட்டுப் பாடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறோம். 'ராமு இஸ் ஆஸ் டால் ஆஸ் சோமு' என்ற வாக்கியத்தில் முதல் 'ஆஸ்' அட்வெர்ப் (அடைச்சொல்), இரண்டாவது 'ஆஸ்' கன்ஜங்ஷன் (இணைப்புச்சொல்) என்று அகராதியில் இருக்கிறது. அதே சொல், அதே வாக்கியம், இடையில் ஒற்றைச் சொல். அதற்குள் வகை எப்படி மாறும் என்று ஒரு மாணவி கேட்டாள். 'அது அப்படித்தான்' என்று சொல்லி அவளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். 'டாலர் தேன் ஐ' மட்டுமே சரி, 'டாலர் தேன் மீ' பிழை என்று ஒரு கையேட்டில் போட்டிருக்கிறது. ஆனால் ஆங்கிலப் பேட்டிகளில் காதில் விழுவதெல்லாம் 'மீ'தான். அடுத்து, 'நோ ஸூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்' என்பதை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். நினைவில் நிற்கும்படி சொல்ல வழி உண்டா?

கரும்பலகை எழுதியது:

அம்மா, முதலில் அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன். இந்தக் கேள்விக்கு விடை தமிழிலேயே இருக்கிறது. 'சோமு எவ்வளவு உயரமோ, ராமுவும் அவ்வளவு உயரம்' என்று எழுதிக்கொள்ளுங்கள். 'அவ்வளவு' என்பது உயரத்தின் அளவைச் சொல்கிறது. அதன் வேலை 'உயரம்' என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. முதல் 'ஆஸ்' அதுதான். 'டால்' என்ற சொல்லுக்கு அடையாக நிற்பதால் அட்வெர்ப். 'எவ்வளவு... ஓ' செய்வது வேறு வேலை. சோமுவைப் பற்றிய ஒரு தனி வாக்கியத்தையே கொண்டுவந்து ராமுவின் வாக்கியத்தோடு கோக்கிறது. இரண்டாவது 'ஆஸ்' செய்வதும் அதே வேலை, ஆகவே கன்ஜங்ஷன். அந்த வாக்கியம் கண்ணுக்குத் தெரியாததுதான் குழப்பத்துக்குக் காரணம். முழுதாகச் சொன்னால் 'ஆஸ் சோமு இஸ்'. கடைசி 'இஸ்' பெரும்பாலும் சொல்லப்படாமல் தொக்கி நிற்கும்.

வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். வாக்கியத்தை எதிர்மறையாக்கி, முதல் 'ஆஸ்' இருக்கும் இடத்தில் 'ஸோ' போடச் சொல்லுங்கள்: 'ராமு இஸ் நாட் ஸோ டால் ஆஸ் சோமு'. சரியாகப் பொருந்தும். இரண்டாவது 'ஆஸ்' இடத்தில் 'ஸோ' போட்டால் வாக்கியம் உடைந்துபோகும். இரண்டும் ஒரே சொல் அல்ல, ஒரே உருவம் கொண்ட இரண்டு வேலையாட்கள் என்பது பிள்ளைகளுக்குத் தானாக விளங்கிவிடும். பழைய ஆங்கிலத்தில் 'ஆல்', 'ஸோ' ஆகிய இரண்டின் அன்றைய வடிவங்கள் சேர்ந்து தேய்ந்துதான் 'ஆஸ்' பிறந்தது. 'ஸோ' அங்கே இயல்பாகப் பொருந்துவதில் வியப்பில்லை.

இருமொழி எழுதியது:

'தேன் ஐ', 'தேன் மீ' பற்றி நான் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல் இது. சண்டை மிகப் பழையது. பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் 'தேன்' ஒரு கன்ஜங்ஷன், அதற்குப் பின்னால் தொக்கி நிற்கும் வினையைப் பார்த்தே 'ஐ'யா 'மீ'யா என்று முடிவு செய்ய வேண்டும் என்றார். 'தேன் ஐ ஆம்' என்று விரியும் இடத்தில் 'ஐ' என்பது அவர் கணக்கு. மூன்றே ஆண்டுகளில், 1765இல், வில்லியம் வார்ட் என்ற இலக்கணக்காரர் 'தேன்' ப்ரெபொசிஷனாகவும் (பெயருக்கு முன்னால் நின்று உறவு காட்டும் சொல்லாகவும்) வரலாம், அப்போது 'மீ' சரிதான் என்று எழுதினார். அவர்களுக்கெல்லாம் வெகு முன்பே ஷேக்ஸ்பியர் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் 'எ மேன் நோ மைட்டியர் தேன் தைசெல்ஃப் ஆர் மீ' என்று எழுதிவிட்டார். ஆகவே 'மீ' பிழை என்று ஒரே போடாகப் போடுவது அநியாயம்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'மதர் லவ்ஸ் ஹிம் மோர் தேன் ஐ' என்றால் நான் அவனை நேசிப்பதைவிட அம்மா அதிகம் நேசிக்கிறார். 'தேன் மீ' என்றால் அம்மாவுக்கு என்மேல் இருக்கும் அன்பைவிட அவன்மேல் அதிகம்; பேச்சு வழக்கில் முதல் பொருளுக்கும் 'மீ' சொல்பவர்கள் உண்டு என்பதால் கேட்பவர் குழம்பலாம். தமிழிலும் இதே குழப்பம் இருக்கிறது. 'அம்மா என்னைவிட அவனை அதிகம் நேசிக்கிறார்' என்ற வாக்கியத்தை இரண்டு விதமாகவும் படிக்க முடியும். 'விட' எப்போதும் 'என்னை', 'உன்னை' என்ற ஐ உருபையே கேட்பதால், நம் பிள்ளைகளுக்கு 'தேன் மீ' இயல்பாக வருகிறது. அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் தேர்வில் எதை எழுதச் சொல்வது? விடைத்தாள் திருத்துபவர் எந்தக் கட்சி என்று தெரியாதே.

கரும்பலகை எழுதியது:

'தேன் ஐ ஆம்' என்று வினையோடு முழுதாக எழுதச் சொல்லுங்கள். அதில் யாரும் கை வைக்க முடியாது.

நடைமேடை எழுதியது:

'நோ ஸூனர்' கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை, சகோதரி. 'ஸூனர்' என்பது 'ஸூன்' என்ற அட்வெர்பின் கம்பாரட்டிவ் வடிவம். 'டாலர்' வந்தால் 'தேன்' கேட்பதுபோலத்தான் 'ஸூனர்' வந்தாலும் 'தேன்' கேட்கிறது. 'நோ ஸூனர் ஹேட் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன் தேன் தி டிரெயின் லெஃப்ட்' என்பதைப் பிரித்துப் பார்த்தால், நான் போய்ச் சேர்ந்தது ரயில் கிளம்பியதைவிட முந்தி அல்ல என்ற ஒப்பீடுதான் உள்ளே இருக்கிறது. தமிழில் நாம் சொல்வது: 'நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், ரயில் கிளம்பிவிட்டது.'

'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டிலும் ஒப்பீடே கிடையாது. 'சேர்ந்தேனோ இல்லையோ' என்ற பொருள் மட்டும்தான். அடுத்தது எப்போது நடந்தது என்று சொல்லக் காலம் காட்டும் 'வென்' வருகிறது. 'பிஃபோர்' என்றும் வரலாம். இவை வாக்கியத்தின் தலையில் வந்தால் 'ஐ ஹேட்' என்பது 'ஹேட் ஐ' என்று புரளும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான்.

மாலைவகுப்பு எழுதியது:

இது மிகத் தெளிவாக இருக்கிறது, நாளைக்கே சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒன்று: 'தேன் எனி அதர்' என்பதில் 'அதர்' விட்டுப்போனால் ஏன் தப்பு?

கரும்பலகை எழுதியது:

'எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி மவுண்டன் இன் தி வேர்ல்ட்' என்று எழுதினால், உலக மலைகளில் எவரெஸ்டும் ஒன்று என்பதால் அது தன்னைவிடவும் உயரமாகிவிடும். அதைக் கணக்கிலிருந்து எடுக்கத்தான் 'அதர்'. ஆனால் 'எனி மவுண்டன் இன் ஆப்பிரிக்கா' என்று எழுதும்போது 'அதர்' போடக் கூடாது. அங்கே மிக உயரமான கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். 8,849 மீட்டர் எவரெஸ்ட் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டுங்கள்.

இருமொழி எழுதியது:

'லைக்' பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், முன்கூட்டியே தயாராக இருங்கள். 1954இல் வந்த வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் 'டேஸ்ட்ஸ் குட் லைக் எ சிகரெட் ஷுட்' என்றது. 'ஷுட்' என்ற வினை வருவதால் 'ஆஸ்' அல்லவா போட வேண்டும் என்று அமெரிக்காவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பேச்சில் 'லைக்' இன்று எங்கும் புழங்குகிறது. தேர்வுத்தாளில் மட்டும் பின்னால் வருவது வெறும் பெயர் என்றால் 'லைக்', வினையோடு கூடிய வாக்கியம் என்றால் 'ஆஸ்' என்று எழுதச் சொல்லுங்கள்: 'ஷி சிங்ஸ் லைக் ஹெர் மதர்', 'ஷி சிங்ஸ் ஆஸ் ஹெர் மதர் டிட்'.