மறு: ஹப்-சென்ட்ரிக், லக்-சென்ட்ரிக் – குடவழி, ஆணிவழி என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாளாக ஓடும் இந்த இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன். வண்டிச் சக்கரத்தை மாட்டும்போது, நடுவில் இருக்கும் ஹப்பைப் பிடித்து மையம் எடுப்பது ஹப்-சென்ட்ரிக்; சுற்றி நிற்கும் ஆணி, நட்டுகளைப் பிடித்து மையம் எடுப்பது லக்-சென்ட்ரிக். இவற்றுக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருக்கும் வேறுபாட்டை என் வண்டியிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> குடமையச் சக்கரம், ஆணிமையச் சக்கரம் என்று வைக்கலாமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

கோவை அண்ணன் ஹப்புக்குக் "குடம்" என்று எடுத்தது மிகவும் பிடித்தது. மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டைக்குக் குடம் என்றுதான் பெயர். குடத்தில் ஆரக்கால், ஆரக்காலைச் சுற்றி வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா. இத்தனை சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. வண்டிக் குடம் சக்கரத்தின் உறுப்பு, பிக்கப் டிரக்கின் ஹப்போ சக்கரத்தைக் கழற்றினாலும் அச்சோடு நின்றுவிடும், அதனால் பொருந்தாது என்று ஒருவர் எழுதியிருந்தார். சரியான கவனிப்புதான். ஆனால் அச்சைச் சுற்றிச் சுழலும் நடுப்பகுதி என்ற வேலை இரண்டுக்கும் ஒன்றே. சொல் அந்த அளவுக்கு நகரலாம்.

எனக்குத் தடுப்பது "மைய" என்ற பகுதி. ஆணிமையச் சக்கரம் என்றால், ஆணி மையத்தில் இருக்கும் சக்கரம் என்றுதான் முதலில் தோன்றும். ஆணிகள் மையத்தில் இல்லை, அதைச் சுற்றி வட்டமாக நிற்கின்றன. மையம் இரண்டு வகையிலும் ஒன்றுதான், அச்சு சுழலும் கோடு. சக்கரத்தை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எது என்பதில்தான் வேறுபாடு.

என் கதையைச் சொன்னால் இது விளங்கும். நான் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறேன். குளிர்காலத்துக்கு வேறு டயர் மாட்டுவது இங்கே வழக்கம். என் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்குக்கு அதற்கென்று ஒரு செட் வெளிச்சந்தைச் சக்கரம், அதாவது வண்டிக் கம்பெனியுடையது அல்லாத சக்கரம், வாங்கினேன். இந்த வண்டிக்கு ஆறு ஆணி, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 135 மில்லிமீட்டர். குடத்தின் நடுவே துருத்தி நிற்கும் வட்ட விளிம்பு, அதாவது உதடு, 87.1 மி.மீ. விட்டம். கம்பெனிச் சக்கரத்தின் நடுத்துளை அந்த உதட்டில் கச்சிதமாக ஏறும். நான் வாங்கியதில் நடுத்துளை 106.1 மி.மீ. ஒரே சக்கரம் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று வெளிச்சந்தையில் துளையைப் பெரிதாக விட்டுவிடுவார்கள். சுற்றிலும் 9.5 மி.மீ. இடைவெளி. குடம் சக்கரத்தைத் தொடவே இல்லை. அதை நடுவுக்குக் கொண்டுவருவது ஆறு நட்டின் கூம்பு முகங்கள் மட்டும்தான்.

மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினேன். 95 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. கடைக்குத் திரும்பினேன், பேலன்சிங் பார்த்தார்கள், இயந்திரம் பூஜ்யம் காட்டியது. மறுபடி நடுக்கம், மறுபடி கடை, மறுபடி பூஜ்யம். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அங்கே சக்கரத்தை நடுத்துளையில் கூம்பு செருகி மாட்டுகிறார்கள், அதாவது துளையைப் பிடித்து மையம் எடுக்கிறார்கள். வண்டியிலோ நட்டைப் பிடித்து மையம் எடுக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் வந்தால்தான் அந்தப் பூஜ்யத்துக்குப் பொருள் உண்டு. என் விஷயத்தில், காற்றுத் துப்பாக்கியால் முதல் நட்டை ஒரேயடியாக இறுக்கியதில் சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கியபடியே பிடித்துக்கொண்டது.

அரை மில்லிமீட்டர் ஒதுங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரோடு சேர்த்துச் சக்கரம் 30 கிலோ, ரிம் 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ அரை மி.மீ. விலகுவது, ரிம் ஓரத்தில் ஏறக்குறைய 65 கிராம் கட்டியை ஒட்டுவதற்குச் சமம். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினோரு முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட ஏழு கிலோ எடைக்கு ஈடான இழுப்பு திசை மாறி மாறி விழுகிறது. கை நடுங்காமல் என்ன செய்யும்?

கடைசியில் வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். ஆறு நட்டையும் கூம்பு போய் உட்காரும்வரை கையாலேயே ஓட்டி, எதிரெதிராக மாற்றி மாற்றி, முதலில் பாதி முறுக்குக்கும் பிறகு 204 நியூட்டன் மீட்டருக்கும் இறுக்கினேன். நான்கு சக்கரத்துக்கும் அதே வேலை. நடுக்கம் போயே போய்விட்டது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்த்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும்.

> குடந்தாங்கு சக்கரம், ஆணிதாங்கு சக்கரம்?

தயவுசெய்து "தாங்கு" வேண்டாம். இது அழகு பற்றிய பேச்சு இல்லை, தவறான பொறியியலைச் சொல்லுக்குள் வைத்துவிடுவோம். நட்டு இறுகியதும் சக்கரத்தின் முதுகும் குடத்தின் முகமும் அழுந்திக்கொள்கின்றன. பாரத்தைக் கடத்துவது அந்த அழுத்தத்தில் வரும் உராய்வு. உதட்டுக்கும் துளைக்கும் நடுவே போடும் வளையம் பிளாஸ்டிக்கில்கூட வருகிறது, அதன்மேல் டிரக்கின் பாரம் நிற்குமா? மையம் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

"அமர்" என்று நானே ஒன்றை யோசித்தேன். மெக்கானிக்குகள் "வீல் சரியா உட்காரலை" என்பார்கள், அதிலிருந்து குடத்தமர், ஆணியமர். பிறகு கைவிட்டேன். எந்த வகைச் சக்கரமும் குடத்தின் முகத்தில்தான் உட்காருகிறது.

விடை கனரக லாரிக்காரர்களிடம் இருக்கிறது. வட அமெரிக்க லாரிகளில் இதே இரண்டு வகைக்கும் ஹப்-பைலட்டட், ஸ்டட்-பைலட்டட் என்று பெயர் (ஸ்டட் என்பது நம் ஆணிதான்). பழைய ஸ்டட் வகையில் உருண்டை முக நட்டு மையம் எடுக்கும், இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடம்புரி மரை. இன்றைய ஹப் வகையில் பத்து ஆணி, 285.75 மி.மீ. வட்டம், தட்டை முக நட்டு; மையம் எடுப்பது குடம், நட்டு இறுக்க மட்டும். பைலட் என்றால் வழிகாட்டி. எதன் வழியாக மையம் வருகிறது என்பதை அந்தப் பெயர் நேராகச் சொல்கிறது. தமிழில் "வழி" என்ற இரண்டெழுத்தே போதும்: தமிழ்வழிக் கல்வி என்று சொல்கிறோமே, அந்த "வழி".

ஆகவே என் முன்மொழிவு:

குடவழிச் சக்கரம் – நடுத்துளை குடத்தின் உதட்டில் பொருந்துவதால் மையம் பெறும் சக்கரம்.

ஆணிவழிச் சக்கரம் – ஆணி அல்லது நட்டின் கூம்பு முகமோ உருண்டை முகமோ துளையில் பதிவதால் மையம் பெறும் சக்கரம்.

பல ஜெர்மன் கார்களில் நட்டே இல்லை, போல்ட்டுதான் நேராகக் குடத்துக்குள் போகும். அதனால் "நட்டுவழி" என்று குறுக்க வேண்டாம், ஆணி இரண்டையும் அடக்கும்.

இடைவெளியை நிரப்பும் அந்த வளையத்துக்கு "இடைவளையம்" போதும். நான் அப்புறம் பிளாஸ்டிக்கில் ஒரு செட் வாங்கிப் போட்டுவிட்டேன். அலுமினியம் இங்கே சாலையில் கொட்டும் உப்பில் குடத்தோடு இறுகிப்போகும். அதிக பாரம் இழுப்பவர்கள் பிரேக் சூட்டை நினைத்து அலுமினியமே வாங்குகிறார்கள், கூடவே துரு தடுக்கும் பசை தடவுகிறார்கள்.

சக்கரம் சுழலும்போது வட்டம் பிசகி ஆடுவதை ரன்-அவுட் என்பார்கள்; அதற்குச் "சுழல் விலகல்" என்று ஒருவர் தந்திருந்தார். சைக்கிள் கடையில் "கோட்டம் எடுக்கிறது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கோட்டம்தான் இது. மேலும் கீழும் போனால் ஏற்ற இறக்கக் கோட்டம், பக்கவாட்டில் ஆடினால் பக்கக் கோட்டம். பேலன்சிங்குக்குச் "சமன்" சரி, ஒட்டும் எடைக்குச் "சமன்கட்டி". ஈயம் என்று பொருளின் பெயரால் அழைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இலேயே கார்களுக்கு ஈயக் கட்டியை நிறுத்திவிட்டார்கள், இப்போது துத்தநாகமும் இரும்பும்தான்.

ஒன்று மட்டும் பாக்கி. நட்டுக்குத் தமிழ்நாட்டில் "மரை" என்றும் எழுதுகிறோம், போல்ட்டின் புரிக்கும் "மரை" என்றே சொல்கிறோம். மேலே நானே "இடம்புரி மரை" என்று எழுதியிருக்கிறேன். இலங்கையில் நட்டுக்குச் "சுரை" என்று சொல்வதாகக் கேள்வி. யாழ்ப்பாணத்து ஐயா இழையில் இருக்கிறார். பட்டறைகளில் அது இன்னும் புழங்குகிறதா ஐயா? புழங்கினால், மேலே உள்ள விளக்கங்களில் "நட்டு" வரும் இடமெல்லாம் சுரை என்று மாற்றி அனுப்புகிறேன்.